பட்ஜெட் கேமிங் கணினி: விலை குறைந்த பாகத்தில் எதை வெட்டியிருக்கிறார்கள்?

ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு பாகங்கள் இருந்து, அதில் ஒன்று மட்டும் விலை குறைவாக இருந்தால், எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை வெட்டினார்கள்? விளையாடும்போது அது நமக்குத் தெரியுமா? அக்கா மகனுக்குக் கேமிங் கணினி ஒன்றை அசெம்பிள் செய்து கொடுத்தபோது ஒவ்வொரு பாகத்திடமும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டேன். சில பாகங்களில் வெட்டப்பட்டது நமக்குத் தேவையே படாது, அங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். சிலவற்றில் மிச்சமாவது கொஞ்சம், போவது நிறைய.

முதலில் முடிவு செய்தது மானிட்டரை. பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. எத்தனை புள்ளிகளை, நொடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பது தெரியாமல் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசவே முடியாது. 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் கிட்டத்தட்ட 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், அதாவது முதல் திரையைப் போல நான்கு மடங்கு.

“மாமா, இப்பவே 4கே வாங்கிட்டா பின்னாடி மாத்த வேண்டாம்ல?” என்று கேட்டான்.

“அத்தனை புள்ளியையும் நிரப்பணும்னா மொத்தக் காசையும் கார்டுலயே போடணும் மாப்ள. மத்ததுக்கு எங்க போறது?” என்றேன்.

அவன் நண்பர்களோடு ஆடுவது வாலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. தனியாக இருக்கும்போது பெரிய கதை விளையாட்டுகள். முன்னதற்கு வேகமான திரை வேண்டும். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை மாறும் திரையில், ஒரு பிரேமுக்கு (ஒரு முழுப் படத்துக்கு) கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட், 144 ஹெர்ட்ஸில் 6.9 தான். பின்னதற்குக் கார்டில் பலம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து 1080பி (அதாவது 1920×1080), 144 ஹெர்ட்ஸ், கார்டு வரையும் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வசதி உள்ள மானிட்டர் என்று முடிவானது. அதற்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். மீதியில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. கேமிங் கணினியில் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் மற்ற பாகங்களில் ஏதோ ஒன்றுக்கு வீணாகச் செலவு செய்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கார்டு: பெயரை நம்ப வேண்டாம்

வெட்டு வேலை அதிகம் நடப்பது இங்கேதான். அதுவும் பெயரை மாற்றாமலே நடக்கும். ஜிடி 1030 என்று ஒரு பழைய கார்டு உண்டு. கார்டுகளுக்கென்றே வரும் வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்ததில் நொடிக்கு 48 ஜிபி தரவு போய்வரும். அதே பெயரில், கணினி ராமில் வரும் டிடிஆர்4 போட்டு வந்ததில் 17 ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபிக்கும் 3 ஜிபிக்கும் நினைவகம் மட்டும் வித்தியாசம் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் கணக்குப் போடும் கோர்களும் 1280-இலிருந்து 1152 ஆகக் குறைந்திருந்தன. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் அதே கதை: 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், நினைவகத்துக்குப் போய்வர 128 பிட் அகலப் பாதை, 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பாதை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகையில் 192 பிட் பாதை, பின்னால் வந்த 8 ஜிபி வகையில் 128 பிட். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண் இதில் எதையும் சொல்லாது. நினைவகத்தின் அளவு, அதன் வகை, பாதையின் அகலம், கோர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும்.

அவன் முதலில் காட்டிய கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 2022-இல் வந்தது, விலை கவர்ச்சியாக இருந்தது. எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். நினைவகம் 4 ஜிபி. மதர்போர்டோடு பேசும் பாதை வெறும் நான்கு லேன். வீடியோ என்கோடர் அறவே கிடையாது, அதனால் விளையாட்டைப் பதிவு செய்ய நினைத்தால் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். இதில் முதல் இரண்டும் சேர்ந்து வருவதுதான் பெரிய சிக்கல். 4 ஜிபி நிறைந்ததும் கார்டு மீதித் தரவைக் கணினியின் ராமிலிருந்து இழுக்கும். இழுக்கும் வழியோ ஒடுக்கம். அந்த வழியின் பெயர் பிசிஐஇ. அதன் 4.0 தலைமுறை உள்ள போர்டில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும், 3.0 போர்டில் அதுவும் பாதியாகிவிடும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் விலை குறைந்த கார்டைத் தேடுவார்கள். அவர்களிடமே இது அதிகம் திணறும்.

எடுத்தது ஆர்எக்ஸ் 6600. இதிலும் வெட்டு இருக்கிறது: 128 பிட் பாதை, எட்டு லேன். ஆனால் 8 ஜிபி நினைவகம் இருப்பதால் 1080பி திரையில் அந்த எட்டு லேன் நெருக்கடி ஆவது அரிது. மின்சாரம் 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060-ம் போட்டியில் இருந்தது. புதிய விளையாட்டுகள் சிலவற்றில் டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் தெரியும் படங்களை) அல்ட்ரா தரத்தில் வைத்தால் 8 ஜிபி இடிக்கும், அங்கே 12 ஜிபி கைகொடுக்கும். ஆனால் அல்ட்ராவிலிருந்து ஹை-க்கு ஒரு படி இறக்கினால் 1080பி திரையில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக அவ்வளவு கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வேண்டும், 3டி வேலையும் செய்வேன் என்பவர்கள் ஆர்டிஎக்ஸ் பக்கம் போவதே சரி.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் யோசித்தோம். வாங்குவதில் தவறில்லை. கார்டைக் கணினியில் போட்டு, முழுச் சுமையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ சிதறுகிறதா, விசிறி உரசுகிறதா, சூடு ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க அனுமதித்தால் வாங்கலாம். பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி உயர்ந்த மாடலின் பெயரைக் காட்டவைக்கும் மோசடியும் உண்டு என்பதால் ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சோதிக்க விடமாட்டேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். எங்களுக்குச் சோதிக்கும் வசதியோடு ஏதும் அமையவில்லை, புதியதே வாங்கினோம்.

பிராசஸர், மதர்போர்டு

என்னிடம் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு சும்மா கிடந்தன. அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. 2022-இல் ஏஎம்டி கொண்டுவந்த ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். போர்டு, ராம் இரண்டும் புதிதாக வாங்க வேண்டுமென்றால் கார்டின் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கையில் எதுவும் இல்லாமல் தொடங்குபவர் ஏஎம்5 விலையையும் கட்டாயம் கூட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு எதிர்காலம் நீளம். எங்கள் நிலைமைக்கு அதற்கு முந்தைய ஏஎம்4 அல்லது இன்டெல்லின் எல்ஜிஏ1700.

ரைசன் 5 5500, 5600, 5600ஜி, கோர் ஐ5 12400எஃப். நான்குமே 6 கோர், 12 த்ரெட் (ஒரே சமயத்தில் 12 வேலை) உள்ள பிராசஸர்கள். விலைப்பட்டியலில் பக்கத்து பக்கத்தில் நிற்கும். வெட்டு எங்கே என்று பார்த்தால்தான் முகம் தெரியும். 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5500-இல் கேஷ் பாதி, 16 எம்பி, பிசிஐஇ-யும் 3.0. விளையாட்டுகள் ஒரே தரவைத் திரும்பத் திரும்பத் தொடும். கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் ராம் வரைக்கும் போய்வர வேண்டும். அதனால் வேலை மென்பொருள்களில் பெரிதாகத் தெரியாத இந்த வெட்டு, வாலரண்ட் போன்றவற்றில் தெரிந்துவிடும். 5600ஜி என்ற பெயரைப் பார்த்து ஏதோ கூடுதல் என்று நினைப்பார்கள். கூடுதலாக இருப்பது உள்ளேயே கிராபிக்ஸ். விலையாகக் கொடுத்தது அதே பாதிக் கேஷ், அதே 3.0. தனிக் கார்டு இப்போதைக்கு வாங்கப்போவதில்லை என்பவருக்கு அது அருமையான பிராசஸர், எங்களுக்கு அல்ல.

12400எஃப்-இல் ‘எஃப்’ என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. 5600-இலும் இல்லை. தனிக் கார்டு இருக்கும்போது இந்த வெட்டு விளையாட்டில் தெரியாது. கார்டு பழுதானால் மட்டும் திரை முழு இருட்டு, பழுது கார்டிலா போர்டிலா என்று கண்டுபிடிக்க இன்னொரு கார்டைக் கடன் வாங்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டோம். 5600, 12400எஃப் இரண்டில் எதை எடுத்திருந்தாலும் அவன் சந்தோஷமாகவே விளையாடியிருப்பான். பின்னால் பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி பிராசஸரை அதே சாக்கெட்டில் போடலாம் என்ற ஒரே காரணத்துக்காக 5600 பக்கம் சாய்ந்தேன்.

போர்டு ஏ520-ஆ, பி550-ஆ? ஏ520-இல் பிசிஐஇ 3.0 தான். கார்டு எட்டு லேன் கார்டு என்பதால் நான் பி550 எடுத்தேன். பின்னால் பெரிய பிராசஸர் போடும் எண்ணம் இருப்பதால் மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் உலோக ஹீட்சிங்க் உள்ளதாகவும், நான்கு ராம் ஸ்லாட் உள்ளதாகவும், பிராசஸர் இல்லாமலே போர்டின் பயாஸைப் புதுப்பிக்க உதவும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ளதாகவும் பார்த்தேன். வண்ண விளக்கு, வைஃபை, அலங்காரத் தகடு எதுவும் வேண்டாம். மேஜைக்குப் பக்கத்திலேயே நெட்வொர்க் கேபிள் வருகிறது.

ராமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. டிடிஆர்4 3200 ஒன்றாகப் போட்டால் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டாகப் போட்டால் இரட்டையில் 51.2. புதிதாக வாங்குபவர் சிஎல் எண்ணையும் (கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை சுழற்சி ஆகும் என்பது) பார்க்கவும். 3200-இல் சிஎல்16 என்றால் காத்திருப்பு 10 நானோசெகண்ட், சிஎல்22 என்றால் 13.75.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி 1 டிபி, பிசிஐஇ 3.0 வழியாகப் பேசும் என்விஎம்இ வகை. இங்கே தைரியமாக மிச்சம் பிடித்தேன். 4.0 எஸ்எஸ்டியின் பெட்டியில் எண்கள் இரு மடங்காக இருக்கும், விளையாட்டு திறக்கும் நேரத்தில் அது ஓரிரு நொடிக்கு மேல் தெரிவது அபூர்வம். தனி டிராம் சில்லு இல்லாததும் பரவாயில்லை, கணினியின் ராமில் கொஞ்சத்தை அது கடன் வாங்கிக்கொள்ளும். ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி வகையை மட்டும் தவிர்த்து, மூன்று பிட் வைக்கும் டிஎல்சி எடுத்தேன். பெரிய விளையாட்டை நிறுவும்போது க்யூஎல்சியின் வேகமான பகுதி நிறைந்தபின் எழுதும் வேகம் படுத்துவிடும்.

பவர் சப்ளை

ஆசை முழுக்கக் கார்டில் போய்விட்டதால் பட்ஜெட் போடுபவர்கள் கை வைக்கும் இடம் இது. இங்கே கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மற்ற எந்தப் பாகம் போனாலும் பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். மட்டமான பவர் சப்ளை போகும்போது போர்டு, கார்டு, எஸ்எஸ்டி என்று கூடவே இழுத்துக்கொண்டு போகலாம்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு எளிது. கார்டு 132 வாட். 5600-இன் பெயரளவு 65 வாட்தான், ஆனால் சாக்கெட் அனுமதிக்கும் உச்சம் 88. போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 என்று வையுங்கள். மொத்தம் 270. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சொன்ன அளவைத் தாண்டி இழுக்கும் என்பதையும், நாளை 200 வாட் கார்டு வரலாம் என்பதையும் சேர்த்தால் 550 வாட் நிம்மதி.

ஆனால் பெட்டியில் 550 என்று போட்டிருப்பதெல்லாம் 550 இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் +12வி என்ற கட்டத்தின் கீழ் ஆம்பியர் போட்டிருக்கும். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். நாங்கள் எடுத்ததில் 45 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 540 வாட். பக்கத்தில் அதே 550 வாட் என்று எழுதி விலை மிகக் குறைவாக இருந்த ஒன்றில் 30 ஆம்பியர், அதாவது 360 வாட். மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் ஏற்றியிருந்தார்கள், இன்றைய கணினி அதை அவ்வளவாகத் தொடுவதே இல்லை. “ரெண்டுலயும் 550ன்னுதானே மாமா போட்டிருக்கு!” என்று அவன் கோபப்பட்டான். கோபம் நியாயம்தான்.

80 பிளஸ் முத்திரை திறனை மட்டும் சொல்லும், அதாவது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகும் என்பதை. பிரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம், அவ்வளவுதான். மின்னழுத்தம் ஏறினால் அணைந்துகொள்ளுமா, ஷார்ட் ஆனால் தாங்குமா என்பதற்கெல்லாம் அது உத்தரவாதம் கிடையாது. பாதுகாப்பு வசதிகளின் பட்டியலையும், உத்தரவாதக் காலத்தையும், சுமையேற்றிச் சோதித்த விமர்சனத்தையும் தேடிப் படித்த பிறகே எடுத்தேன். கேபிள் கழற்றி மாட்டும் வசதியை விட்டுக்கொடுத்தோம். அதில் மிச்சமான பணம் முன்பக்கம் முழுக்க வலையாக, இரண்டு விசிறிகளோடு வந்த கேபினட்டுக்குப் போனது.

சேர்த்தது

போர்டு கடையில் நாளாகக் கிடந்தது போல. பெட்டியின் மேல் ரைசன் 5000 என்ற ஒட்டுத்தாள் இல்லை. அப்படியானால் உள்ளே இருக்கும் பயாஸ் பிராசஸரைவிடப் பழையதாக இருக்கலாம், பிராசஸரைப் போட்டால் திரையே வராது. ஃப்ளாஷ்பேக் பொத்தானுக்குப் பணம் கொடுத்தது இதற்காகத்தான். பென் டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்து, புதிய பயாஸ் கோப்பைப் போர்டின் கையேடு சொன்ன பெயருக்கு மாற்றி, பின்பக்கம் அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகினோம். பிராசஸர் இல்லை, ராம் இல்லை, கார்டு இல்லை. 24 பின் கேபிளும் 8 பின் கேபிளும் மட்டும். பொத்தானை அழுத்தியதும் சிறு விளக்கு ஒன்று மெதுவாகச் சிமிட்டத் தொடங்கி, பிறகு வேகம் பிடித்து, கடைசியில் தானாக அணைந்தது. அதுவரை யாரும் மின்சாரப் பக்கம் போகக் கூடாது, இடையில் நின்றால் போர்டு பூட் ஆகாமல் போகலாம்.

ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்து வைத்தால் அதுவாக இறங்கும், அழுத்தவே கூடாது. கூலருக்கு முன் ஒரு விஷயம். கூடவே வரும் சிறிய ரெய்த் ஸ்டெல்த் கூலருக்குப் போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அவற்றின் திருகுகள்தான் பின்னால் உள்ள தகட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைசித் திருகு வந்ததும் தகடு கீழே விழும். அவனைப் பின்னாலிருந்து கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கழற்றினேன். கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், தனியாக வேண்டாம். நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று வீதம் மாற்றி மாற்றி முறுக்கினால் தட்டு சாயாமல் உட்காரும்.

ராம் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கேபினட்டில் போர்டை வைக்கும் முன் தாங்கு குமிழ்களைப் போர்டின் துளைகளோடு எண்ணிச் சரிபார்த்து, கூடுதலாக இருந்ததைக் கழற்றிவிட்டேன், அது போர்டின் அடியில் முட்டினால் ஷார்ட் ஆகும். பிராசஸர் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கார்டு கேபிள் 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், நுழையவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

பவர் கொடுத்ததும் விசிறிகள் சுற்றின, போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய விளக்கு எரிந்து அப்படியே நின்றது. அணைந்து, மறுபடி எரிந்தது. “போச்சா மாமா?” என்றான். புது போர்டு ராமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. கொஞ்சம் பொறுத்ததும் விளக்கு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது, பயாஸ் திரை வந்தது.

விண்டோஸ் போடும் முன்பே பயாஸில் முடிக்க வேண்டியவை சில உண்டு. ராம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது, ராமில் பதிந்திருக்கும் வேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் 3200. பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்தால்தான் ரீசைசபிள் பாரும் (பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் அணுகும் வசதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) கிடைக்கும். கூடவே பிராசஸரோடு வரும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம்-ஐயும் ஆன் செய்தேன், விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் இதுவும் இல்லாவிட்டால் வாலரண்ட் திறக்காது. சிஎஸ்எம்-ஐப் பிறகு அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் அப்புறம் பூட் ஆகாமல் நிற்கக்கூடும்.

விண்டோஸ் வந்தபின் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில்தான் நின்றது. டிஸ்ப்ளே அமைப்பில் போய் 144 என்று மாற்ற வேண்டும். மவுஸ் அம்பு நகர்வதிலேயே அவன் முகம் மாறியது.

பிறகு திரையின் மூலையில் எண்களைக் காட்டவிட்டுச் சோதித்தோம். கதை விளையாட்டில் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டுக்குக் கொடுத்த பணம் முழுவதும் வேலை செய்கிறது என்று பொருள். வாலரண்டில் கார்டு பாதிக்கு மேல் போகவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம் என்ற எண்) ஏறவில்லை, அங்கே எல்லை பிராசஸர். எல்லையே 144-க்கு வெகு மேலே இருந்ததால் கவலையில்லை. ஃப்ரீசிங்க் வரம்புக்குள் நிற்கட்டும் என்று 141-இல் பூட்டிவிட்டேன். ஒரு ராமைக் கழற்றியும் ஓட்டிக் காட்டினேன். சராசரி எஃப்பிஎஸ் குறைந்ததைவிட, சுடும் நேரத்தில் படம் திக்கியதுதான் அவனுக்கு உறைத்தது.

சூடு முழுச் சுமையில் எழுபதுகளின் கடைசியில் நின்றது. 5600 தாங்கும் உச்சம் 90 டிகிரி. சிறிய கூலர் என்பதால் சத்தம் கொஞ்சம் இருக்கிறது. பயாஸில் விசிறி வேகம் 60 டிகிரி வரை மெதுவாக ஏறும்படி வளைவை மாற்றினதில் ஏற்ற இறக்கச் சத்தம் போய்விட்டது. பின்னால் 5700எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் உள்ள பிராசஸர் கைக்கெட்டும் விலையில் அகப்பட்டால் இந்தக் கூலர் தாங்காது. கேபினட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே உயரமான டவர் கூலர் நுழையும் அகலம் இருக்கிறதா என்று அளந்துதான் எடுத்தேன், அதனால் அன்றைக்குக் கூலர் மட்டும் வாங்கினால் போதும்.